கட்டை புரட்டும் தேர்வு

மான் கூட்டத்துக்குக் காவலர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். தரையில் கிடக்கும் பெரிய மரக்கட்டையைக் கொம்பால் புரட்டிக் காட்டினால்தான் வேலை. பெண்மான் அல்லிக்குக் கொம்பு ஏது? இரண்டு வருஷமாக வெறும் தலையால் முட்டி, நெற்றி வீங்கித் திரும்பியதுதான் மிச்சம். மூன்றாம் வருஷமும் விடாமல் வந்து நின்றாள்.

தேர்வு நடத்தும் தலைமைக் காவலர் வீரபத்திரன் இந்த முறை ஏனோ தலையைப் புதருக்குள் வைத்துக்கொண்டே, "ம், புரட்டு" என்றார்.

அல்லி முட்டினாள். கட்டை அசையவில்லை. அவள் புதர்ப் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, நீங்க ஒருதடவை புரட்டிக் காட்டுங்களேன். பார்த்துக் கத்துக்கறேன்."

வீரபத்திரன் புதரிலிருந்து மெல்ல வெளியே வந்தார். தலை மொட்டையாக இருந்தது.

"கொம்பு போன வாரம் உதிர்ந்துடுச்சும்மா. வருஷா வருஷம் உதிரும். மறுபடி வளர மாசக்கணக்காகும்."

"ஐயையோ! அதுவரைக்கும் காவலுக்கு யார் போவாங்க?"

"ஏன், நான்தான். நேத்துகூட சிறுத்தையை மோப்பம் பிடிச்சு, சத்தம் போட்டு, எல்லாரையும்..."

பாதியில் நிறுத்திவிட்டு அவர் கட்டையைப் பார்த்தார். அல்லியும் பார்த்தாள். இருவருமாகச் சேர்ந்து உதைத்த உதையில் அது பள்ளத்தில் உருண்டது.

"சரிம்மா, இப்போ தேர்வு. காத்துல என்ன வாசனை வருது, சொல்லு."

அல்லி மூக்கை உயர்த்தினாள். "யாரோ ஒரு வாரமா பயந்துட்டிருந்த வாசனைங்க ஐயா. இப்போதான் போகுது."

"பாஸ்" என்றார் வீரபத்திரன், மூச்சை நீளமாக விட்டபடி.