கொடுக்க மனமில்லாத கை

இயந்திரக் கை முதல் பெட்டியை மூடியதுமே ஜட்ஜம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இதற்குத்தானா இத்தனை தடபுடல்? மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு முழங்கை. அதைச் சுற்றி ஒரு கண்ணாடிக் கூண்டு. பக்கத்தில், கழுத்தில் அட்டை தொங்க, பிள்ளை பெற்றவன் மாதிரி பூரித்து நிற்கும் எஞ்சினியர்.

பேக்கிங் மேசைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கூண்டையே பார்த்தார்கள். அந்தக் கை ஒழுங்காகக் கட்டினால் இவர்கள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அது கண்ணாடி டம்ளரை எடுத்தது. காகிதம் சுற்றியது. அட்டைப் பெட்டிக்குள் இறக்கி, மூடியது. ஒன்றும் உடையவில்லை. கடைசியில் மட்டும் ஒரு கோணங்கித்தனம். பெட்டியை முன்னால் தள்ளுவதற்கு முன் ஒரு விரற்கடை தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அப்புறம்தான் தள்ளியது. ஒவ்வொரு பெட்டிக்கும் இதே கூத்து.

“கொடுக்க மனசே வரல பாரு. எவளோ ஒரு கஞ்சப்பிசினாறிதான் இதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கா” என்றாள் ஜட்ஜம்மா.

மேசையே சிரித்தது. சிரித்தபடி எல்லாரும் மேசைக் கோடியில் நின்ற மூக்குறிஞ்சியைப் பார்த்தார்கள்.

அந்தக் கைக்குத் தானாக ஒரு மண்ணும் தெரியாது. வேலை தெரிந்த ஒருவர் அதன் மணிக்கட்டைப் பிடித்து, குழந்தையை எழுத வைப்பது போல, செய்து காட்ட வேண்டும். அதன் பிறகு அது அச்சு அசலாக அப்படியே செய்யும். எஞ்சினியர் தானே பிடித்துப் பார்த்தான். டம்ளர்கள் நொறுங்கியதுதான் மிச்சம்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் ஜட்ஜம்மா தீர்ப்புச் சொன்னாள். அந்தக் கையை ஒருவரும் தொடக் கூடாது. தொட்டவர் யாராக இருந்தாலும், அவரோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. அந்தப் பட்டப் பெயர் அவளுக்குச் சும்மா வரவில்லை.

ஆனாலும் கை கற்றுக்கொண்டுவிட்டது. எஞ்சினியர் ஒரு நாள் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றான். யார் கற்றுக்கொடுத்தது என்று சொல்லவில்லை.

சொல்லித்தான் தெரிய வேண்டுமா? மூக்குறிஞ்சியைத் தவிர வேறு யாருக்கு அந்தப் புத்தி போகும்? எதற்கெடுத்தாலும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மேனேஜரின் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்கிற ஜன்மம். முதுகெலும்பு என்ற சாமானை அவளுக்கு வைக்கவே கடவுள் மறந்துவிட்டார். தான் இல்லை என்று அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து சாப்பாட்டு அறையில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து பெஞ்சில் தனியாகச் சாப்பிடுகிறாள்.

பயந்தாங்கொள்ளிகளைக் கண்டால் ஜட்ஜம்மாவுக்குக் குமட்டும். கட்டிக்கொண்டதும் அப்படி ஒன்றுதான். அவள் வீட்டுக்காரர் முன்பு இதே மேசையில் டம்ளர் கட்டியவர். அப்புறம் லாரியில் சுமை ஏற்றப் போட்டார்கள், இடுப்பு போய்விட்டது. வேறு வேலை கேளுங்கள் என்றால் தலையைச் சொறிவார். கடைசியில் அவளே மேனேஜர் அறைக்குள் போய் நறுக்கென்று நாலு கேள்வி கேட்டாள். ரொம்ப நாள் அசைந்து கொடுக்காத மேனேஜர், போன வாரம் அவருக்குக் கிடங்கு வாசலில் நாற்காலி போட்டுக் கொடுத்தார். தன் வாய்க்குப் பயந்துதான் கொடுத்தார் என்று ஜட்ஜம்மா மேசை முழுக்கச் சொல்லியாயிற்று.

சாப்பாட்டு மணி அடித்தது.

சாப்பாட்டு அறையிலும் அதே பேச்சுதான். ஒருத்தி தண்ணீர்ச் செம்பை நீட்டி, பின்னால் இழுத்து, அப்புறம் கொடுத்தாள். அடுத்தவள் ஊறுகாய்ப் பாட்டிலை வைத்து அதையே செய்தாள். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஜட்ஜம்மா தன் பங்குக்குத் தொட்டிப் பக்கம் திரும்பி, மூக்குறிஞ்சிக்கு நன்றாகத் தெரியும்படி செய்து காட்டினாள்.

அப்போது வீட்டுக்காரர் வந்தார். காலையில் சைக்கிளில் மாட்டிவைத்த சாப்பாட்டு அடுக்கை எடுத்துக்கொண்டு தினமும் இந்த நேரத்துக்கு வருவார். இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுவார்கள். நாற்காலி கிடைத்ததிலிருந்து நடையில் நொண்டல் குறைந்திருந்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே அவரும் லேசாகச் சிரித்துவைத்தார்.

அடுக்கை அவளிடம் நீட்டினார்.

ஒரு விரற்கடை தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்புறம்தான் கொடுத்தார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படித்தான் கொடுக்கிறார். சாவியை, சம்பளத்தை, பிறந்த குழந்தையைக்கூட. அவள் அதை ஒரு நாளும் கவனித்ததில்லை. இன்று அறையே கவனித்தது.

சிரிப்பு ஒவ்வொருத்தியிடமாக அடங்கியது. எல்லாரும் ஜட்ஜம்மாவைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியதை அவள்தான் முன்பே சொல்லிவிட்டாளே.

“நிக்கிறியே, உட்காரு. பசிக்குது” என்றார் அவர்.

அவர்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் பக்கத்துக்காரி தன் டப்பாவை எடுத்து வைத்தாள். இன்னொருத்தி தண்ணீர்ச் செம்பை வைத்தாள். ஜட்ஜம்மா அடுக்கைப் பிடித்தபடி நின்றாள்.

தொட்டிப் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. மூக்குறிஞ்சி இவர்கள் முகத்தைப் பார்க்காமல் தன் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

இரண்டு பேர் உட்கார இடம் இருந்தது.