ரசம் நல்லாருக்கு

எங்கே எதைப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும் பொத்தான் ஊரில் எல்லார் காதிலும் இருந்தது. தங்கராசு தினமும் முதல் கவளத்திலேயே, "ரசம் நல்லாருக்கு செவ்வந்தி" என்பான்.

"அது சொல்லச் சொல்லுது, நீங்க சொல்றீங்க" என்று அவன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒருநாள் பொத்தானின் கொக்கி உடைந்துபோக, செவ்வந்தி அதைக் கடைக்கு எடுத்துப் போனாள்.

"கொக்கிய மாத்திட்டேன். ஆனா இது பேச்சு நின்னு மூணு வருசமாச்சேம்மா" என்றார் கடைக்காரர். "உள்ள பூரா துருப்புடிச்சுக் கெடக்கு."

"கெடக்கட்டும்ணே" என்று வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் அவளே அதை அவன் காதில் மாட்டிவிட்டாள். "சரி பண்ணியாச்சு."

தங்கராசு அவளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தான். "ரசம் நல்லாருக்கு செவ்வந்தி."

இன்று அவள் முகத்தைத் திருப்பவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றினாள்.