மலையில் அதற்கு என்ன பெயர்

நீலக்கல் ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் ஒரு சொல்லுக்காகச் சண்டை போட்டார்கள்.

"சாப்பைரோஸ் எங்க கிரேக்கச் சொல்லுய்யா" என்றான் அலெக்சாந்திரியாவின் கல் வியாபாரி தியோக்ளிஸ்.

தீரு பட்டணத்திலிருந்து சரக்கோடு வந்திருந்த அப்தேமோன் சிரித்தான். "நாங்க 'சப்பீர்'னு சொன்னோம். நீங்க அதுக்கு ஒரு வாலை ஒட்டுனீங்க. கல்லும் எங்க கப்பல்ல வந்ததுதான், பேரும் எங்க கப்பல்ல வந்ததுதான்."

பந்தயம் ஒரு ஜாடி மது.

உப்புமீன் தட்டை வைத்துவிட்டுத் திரும்பிய அடிமைப் பெண்ணின் மணிக்கட்டைத் தியோக்ளிஸ் பிடித்தான்.

"இவளையே கேப்போம். இந்தக் கல்லைத் தோண்டுற மலையில பொறந்தவ. கல் மூட்டையோட மூட்டையா வந்தா. ஏய் சாப்பைரா, உங்க ஊர்ல இதுக்கு என்னடி பேரு?"

சாப்பைரா என்பதும் அவன் வைத்த பெயர்தான். கல்லுக்கும் அவளுக்கும் ஒரே பெயர், கூப்பிடச் சுலபம்.

அவள் பல்லைக் கடித்தாள். மலையைக் குடைந்து கல்லை எடுத்தார்கள். வீட்டைக் கொளுத்தி அவளை எடுத்தார்கள். இப்போது சொல்லும் வேண்டுமாம், மீனுக்குத் தொட்டுக்கொள்ள.

"வாயில என்ன, ஈயத்தைக் காய்ச்சி ஊத்திருக்கா?" அவன் கையை முறுக்கினான்.

"தும்ரா" என்றாள்.

"தும்ரா" என்று அப்தேமோன் சொல்லிப் பார்த்தான். "தும்ரா, தும்ரா. அடேயப்பா, மலைக்காத்து அடிக்குதே."

இருவருக்கும் தோல்வி. மதுவைப் பாதிப் பாதியாக ஊற்றிக்கொண்டு, தும்ரா பெயரைச் சொல்லியே குடித்தார்கள்.

அவள் கொல்லைப்புறம் போய்க் காறித் துப்பினாள்.

தும்ரா அந்த நிமிடம் வாயில் வந்த வெறும் ஓசை.

கல்லை அங்கே என்னவென்று சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. தூக்கிவந்தபோது அவள் அம்மாவின் இடுப்பிலிருந்து இறங்கி ஓடியாடத் தொடங்கியிருந்த சிறு குழந்தை.

அந்த மலை மொழியில் அவளிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல். கையை ஒடித்திருந்தாலும் அதை அவர்களுக்குக் கொடுத்திருக்கமாட்டாள்.

எரிகிற வீட்டு வாசலில் நின்று அம்மா கத்திய சொல்.

'ஓடு' என்று சொன்னாளா, மகளின் பெயரைத்தான் கூப்பிட்டாளா, இன்றுவரை அவளுக்குத் தெரியவில்லை.