நாலு விரல் இடம்

பயிற்சிப் பள்ளியில் இருந்தது ஒரே ஒரு குட்டி விமானம். நெட்டைக் கபிலனின் தலை கூரையில் இடிக்கிறது என்று மெக்கானிக் துரைக்கண்ணு இருக்கையின் கால்களையே அறுத்துத் தாழ்த்தினார். "நாலு விரல் இடம் கிடைச்சிருச்சுண்ணே!" என்று கபிலன் உள்ளேயிருந்து கூவினான். ரோஸ்லினுக்கு வயிறு எரிந்தது. முன்னால் எதுவும் தெரியவில்லை என்று குள்ளமான அவள் சொன்னபோது, "வீட்லேர்ந்து தலகாணி கொண்டாம்மா" என்று சிரித்தவர்தான் அவர். மறுநாள் அவள் முதன்முதலாகத் தனியே பறக்கும் முறை வந்தது. இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்தும் கண்ணாடியில் வானம் மட்டுமே தெரிந்தது. சொன்னால் அவள் முறை கபிலனுக்குப் போய்விடும். அவன் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே தயாராக நின்றான். "ஓடுபாதை தெரியுதாம்மா?" என்று பயிற்சியாளர் கேட்டார். "நல்லாத் தெரியுது சார்" என்று சொல்லி ரோஸ்லின் கதவை இழுத்துச் சாத்தினாள்.