குமிழியும் கணவனும்

பிரசவத்துக்குப் பின் அவள் முதன்முறையாகச் சக்கர நாற்காலியில் பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்கு வந்தாள். மூச்சுவிடத் திணறிப் பிறந்த மகளின் மூக்கில் ஒரு மெல்லிய குழாய் இருந்தது; அதன் மறுமுனை ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் மூழ்கிக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அருகில் கணவன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

பல் பிடுங்கிய நாளில்கூடப் பேச்சை நிறுத்தாத மனிதன் அவன்.

"என்னங்க, பாப்பா எப்படி இருக்கா?"

அவன் பாட்டிலைக் காட்டினான்.

"எதையோ மறைக்கறீங்க! வாயைத் திறந்து சொல்லுங்க!"

அவன் கண் கலங்கக் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் அழத் தொடங்கினாள்.

நர்ஸ் ஓடி வந்தாள். "பாப்பா நல்லா இருக்கும்மா. குமிழி வந்தா காத்து சரியாப் போகுதுன்னு அர்த்தம். நாளைக்குக் குழாயை எடுத்துடலாம்."

"அப்ப இவருக்கு என்ன கேடு?"

"நான்தான் பேசாதீங்கன்னேன். இவர் பேசினா குமிழி நின்னுடுது."

"என் குரலே பாப்பாவுக்கு ஆகலை போல" என்று அவன் தழுதழுத்தான். குமிழி நின்றது.

"பாருங்க" என்ற நர்ஸ், குழந்தையின் தாடையை ஒரு விரலால் மெல்ல உயர்த்தி வாயை மூடினாள். குமிழி திரும்ப வந்தது. "அப்பா குரல் கேட்டதும் வாயைத் திறந்துடறா. காத்தெல்லாம் அந்த வழியா வெளியே போயிடுது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தனை மாசமா வயித்துக்குள்ள இருந்து இவர் பேச்சைக் கேட்டவளாச்சே, சிஸ்டர். பதில் சொல்ல எவ்வளவு சேர்ந்திருக்கும்!"