பிளாஸ்டர் சூடாகும் நேரம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு முகத்தின் கதை சொல்கிறேன். ஓவியப் பள்ளியின் சிற்ப அறையில், மேசைமேல் மல்லாந்து கிடக்கிறாள் ஒரு பெண். மாணவர் பரிமாற்றத்தில் கடல் தாண்டிப் படிக்க வந்தவள். நம் பேச்சு அவளுக்குத் தெரியாது. பிளாஸ்டரில் நனைத்த துணியை அவள் முகமெங்கும் அப்பி அச்செடுக்கிறாள் அறைத்தோழி. கண்ணும் வாயும் மூடிவிட்டன. மூக்குத் துளைகள் மட்டும் திறந்திருக்கின்றன. ஜன்னல் வெயில் அந்த வெள்ளையின்மேல் அசையாமல் கிடக்கிறது. "சிரிச்சிடாதடி, மூக்கு கோணிக்கும்," என்கிறாள் தோழி. பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும் என்பதை மட்டும் முன்பே சைகையில் உணர்த்த மறந்துவிட்டாள். இப்போது சூடு ஏறுகிறது. முகம் வேகிறது என்றே அந்தப் பெண் நினைக்கிறாள். மூச்சு சீறுகிறது, குதிகால் மேசையை உதைக்கிறது, ஒரு கை தோழியின் விரலைப் பற்றிக்கொள்கிறது, இன்னொரு கை முகத்துக்குப் பாய்கிறது. "பிச்சுடாதடி, இமை முடியும் சேந்து வந்துடும்," என்று பதறுகிறாள் தோழி. படுத்திருப்பவளுக்கு அந்தப் பேச்சு புரியவில்லை. தோழி முகத்துக்குப் போன கையை இழுத்து, கிண்ணத்தில் மீந்த பிளாஸ்டர்மேல் அழுத்துகிறாள். அங்கேயும் அதே சூடு; வேகிறது முகமல்ல, சுடுவது பிளாஸ்டர்தான். கை அங்கேயே நிற்கிறது. மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. ஆனால் அவளுடைய மறு கை தோழியின் விரலை நசுக்குவதை இன்னும் விடவில்லை. வெளியூர் போன உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் அப்படியொரு விரல் கிடைக்கட்டும். உங்கள் வீடு குளிர்ந்திருக்கட்டும்.