கடைசியாக ஏறியவன்

கொட்டாஞ்சேனையில் புதுக் கட்டடத்துக்காக கப்பல்களுக்கு நிலக்கரி சேமித்த ஒரு பழைய குழியை நானும் ஒஸ்வால்டும் துப்புரவு செய்தோம். நாற்பது வயதில் எழுத்துப் படித்தவன் நான். கண்ணில் படுவதையெல்லாம் வாசிப்பேன். அளவெடுக்க வந்த ரொஷேல் மிஸ்ஸிடம் இருந்த பழைய இடப்பெயர்ப் பட்டியலையும் வாசித்தேன். குழியை மூடுமுன் கடைசியாக மேலே ஏறியவனின் பெயரைத்தான் அதற்கு வைப்பார்களாம். எங்கள் குழியின் பெயர் ‘ஒஸ்வால்ட் குழி’ என்றிருந்தது.

“நூறு வருசத்துக்கு முந்தியே எனக்குக் காணி எழுதி வச்சிருக்கிறாங்கள் மச்சான்!” என்று ஒஸ்வால்ட் சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் குழியை மூடுவதாக இருந்தார்கள். அதனால் அன்று மாலை அவனை முதலில் ஏற்றிவிட்டு, டோர்ச் அடித்துக் கீழே ஒருவரும் இல்லை என்று பார்த்த பிறகே நான் ஏறினேன்.

ஒஸ்வால்ட் என் பக்கத்தில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தான். அப்போது குழிக்குள் தொங்கிய கயிறு இறுகியது.

“ஜவாத், என்னை விட்டுட்டா போறாய்?”

கீழேயிருந்து வந்தது ஒஸ்வால்டின் குரல்.

“என்ர குரல்தானே அது?” என்று பக்கத்தில் நின்றவன் கேட்டான்.

“ஓம்.”

இருவரும் சேர்ந்து கயிற்றை இழுத்தோம். பாரம் விளிம்புக்கு வந்தபோது நான் தனியாகத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன்.

கரி படிந்த முகத்தோடு ஒஸ்வால்ட் ஏறி வந்தான்.

“என்னை முதல்ல ஏத்தியிருக்கலாமேடா” என்றான்.